கடல் கடந்து செல்லும் வணிகருக்குரிய கையடக்கத் தொலைபேசி

வெள்ளவத்தையிலே காலி வீதியின் இருமருங்கும் நிற்கும் புடைவைக் கடைகளையும், கொட்டாஞ்சேனைக்கு அணித்தாயுள்ள செட்டியார் தெருவின் நகைக் கடைகளையும் அறியாத தமிழர் கொழும்பில் இலர். அக்கடைகளின் முதலாளிமார் ஆண்டில் பன்முறை விமானம் ஏறுபவர்கள். சேலை எடுக்கச் சென்னைக்கும், தங்கத்தின் நிமித்தம் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும், மின்சாதனங்களை மொத்தமாக வாங்கச் சீனத்துக் குவாங்சௌவுக்கும் போய்வருகிறார்கள். முன்னாளில் இப்பயணங்களுக்குச் சட்டைப் பையில் ஒரு குறிப்புப் புத்தகமும் மடியிலே பணமும் போதியனவாயிருந்தன. இன்று அவ்விரண்டின் இடத்தையும் கையடக்கத் தொலைபேசி பிடித்துக்கொண்டது. அதனை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மாணவர் வகுப்புக்குக் கொண்டுவரும் தொலைபேசிகளைப் பறித்து அலுமாரியில் பூட்டிவைக்கும் பாடசாலை அதிபர் ஒருவருக்கு இவ்விடயத்தில் என்ன உரிமை என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கலைப்பட்டதாரியாகிய எனக்கு இக்கருவியின் உள்ளமைப்பு எட்டாதது. ஆயினும் என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று வணிகர்கள். அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டும், கேட்டதை விடயமறிந்தவர்களிடம் விசாரித்தும் அறிந்தவற்றையே சொல்லுகிறேன்.

அவர்களுள் ஒருவர் வெள்ளவத்தையிற் புடைவைக் கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்னதாகச் சென்னை சென்றார். கையிலிருந்தது விலையுயர்ந்த தொலைபேசி. நிழற்படம் எடுப்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் ஒரு சிம் அட்டைக்கு மட்டுமே அதில் இடமிருந்தது. சென்னையில் இறங்கியதும் இந்திய அட்டை ஒன்றை வாங்கிப் போட்டார். இலங்கை அட்டையைக் கழற்றிக் கடதாசி உறையில் இட்டுத் திருவல்லிக்கேணி விடுதி அறையிலே வைத்துவிட்டார். மறுநாள் சௌகார்பேட்டையில் நல்ல சேலைத் தொகுதி ஒன்று நயமான விலைக்கு வாய்த்தது. முற்பணம் செலுத்த வங்கி அட்டையின் எண்களைப் பதிந்தார். வங்கி, வழக்கம்போல, ஒருமுறைக் கடவுச்சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. எந்த எண்ணுக்கு? விடுதி அறையில் உறைக்குள் உறங்கிய எண்ணுக்கு. ஓட்டோ பிடித்து ஓடி, அட்டையை எடுத்துக்கொண்டு, நெரிசலுக்கூடாக அவர் திரும்பி வந்தபோது தொகுதி வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அந்தத் தீபாவளிக்கு அவர் கடையில் இரண்டாந்தரச் சேலைகளே தொங்கின.

இந்நிகழ்ச்சியைக் கேட்டபின்னர்தான் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. பிரயாணிக்குத் தொலைபேசி எண் என்பது பேசுவதற்கான வழி மாத்திரமன்று. அது அவருடைய கையொப்பம். வங்கியும், வட்ஸ்அப்பும், மின்னஞ்சலும் அந்த எண்ணைக் கொண்டே அவரை அவரென்று அறிகின்றன. ஆதலின் கருவியைத் தெரியும்போது முதலிற் கேட்கவேண்டிய கேள்வி: இலங்கை எண் விழித்திருக்கையிலேயே செல்லும் நாட்டின் எண்ணும் இதில் இயங்குமா? இயங்காதாயின், அது பொன்னாற் செய்ததாயினும் பிரயாணிக்கு ஆகாது.

இரண்டு எண்களை ஏற்கும் கருவிகள் இன்று நடுத்தர விலைக்கே கிடைக்கின்றன. அவற்றில் இலங்கை எண்ணைக் குறுஞ்செய்திக்கும் அவசர அழைப்புக்குமென வைத்துக்கொண்டு, இணையத்துக்கு மற்ற எண்ணைப் பயன்படுத்தலாம். புறப்படுமுன் உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் வெளிநாட்டுச் சேவையைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பின்னர் அமைப்பினுள் சென்று, இலங்கை எண்ணின் வெளிநாட்டு இணைய வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். குறுஞ்செய்தியைப் பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. வரும் அழைப்பை எடுத்தால் உண்டு. இணையத்தை மறந்து திறந்துவிட்டாலோ கட்டணச் சீட்டைக் கண்டு மயங்கவேண்டிவரும். ஒரு எண்ணில் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மற்ற எண்ணை அழைப்பவருக்குப் பெரும்பாலான கருவிகளில் இணைப்புக் கிடைக்காது. இதை வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். வீண் பதற்றம் குறையும்.

இப்பொழுது இ-சிம் என்றொன்று வந்திருக்கிறது. அட்டை இல்லை, கருவிக்குள் பதிந்துள்ள சிறு பாகத்தில் எண்ணின் விவரத்தை இணையத்தின் வழியே இறக்கிவிடுகிறார்கள். விமானம் ஏறுமுன் கட்டுநாயக்காவில் இருந்தபடியே துபாய்க்கோ பாங்கொக்குக்கோ உரிய இணையத்தை வாங்கிவிடலாம். ஆனால் பிரயாணிகளுக்கென விற்கப்படும் இ-சிம்களிற் பல இணையத்தை மட்டும் தருவன. அவற்றுக்குத் தொலைபேசி எண்ணே இல்லை. அந்நாட்டு வணிகர் உங்களைச் சாதாரண அழைப்பில் எட்டமுடியாது. வாங்குமுன் இதைக் கேட்டறிக.

எந்த எண்ணை அட்டையாகவும் எந்த எண்ணை இ-சிம்மாகவும் வைப்பது என்று சிலர் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம் உறுதியானது: தாய்நாட்டு எண் அட்டையிலேயே இருக்கட்டும். குவாங்சௌவின் படிக்கட்டில் தொலைபேசி விழுந்து நொறுங்கினால், அட்டையை எடுத்து எந்த மலிவான கருவியிலும் போட்டுவிடலாம். இ-சிம்மாயின், அதை வேறு கருவிக்கு மாற்றுவதற்குக் கொழும்பிலுள்ள நிறுவனத்தின் தயவை அங்கிருந்தே நாடவேண்டியிருக்கும்.

ஒரே பெயருடைய கருவி எல்லா நாட்டிலும் ஒன்றேயன்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2022 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபோன் 14 இல் சிம் அட்டைத் தட்டே கிடையாது, முழுவதும் இ-சிம். சீனப் பெருநிலத்துக்கென ஆக்கப்பட்ட அதே ஐபோன் 14 இல் இரண்டு அட்டைகளுக்கு இடமுண்டு, இ-சிம் இல்லை. ரொறன்ரோ மைத்துனரோ நியூயோர்க் மகனோ அன்பளிப்பாகக் கொண்டுவரும் கருவியை மறுக்க நம்மவருக்கு மனம் வராது. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பயணத்துக்கு எடுக்குமுன் அது எந்த நாட்டுக்குரியது, ஒரு நிறுவனத்துடன் பூட்டப்பட்டதா என்று பாருங்கள்.

அடுத்தது அலைவரிசை. 1989 இல் செல்டெல் நிறுவனம் இலங்கையிற் கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது வெளிநாட்டுப் பயணம் பற்றிய கேள்வியே எழவில்லை. 1991 இல் பின்லாந்தில் தொடங்கிய ஜி.எஸ்.எம். முறைதான், ஒரு நாட்டுக் கருவி மறுநாட்டிலும் பேசும் வழியைப் பரவலாக்கிற்று. இரண்டாந் தலைமுறை என்ற அந்த முறை பல நாடுகளில் இன்று முடிவுக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர் அதனை 2017 இல் நிறுத்தியது. மூன்றாந் தலைமுறையையும் 2024 இல் நிறுத்தத் தொடங்கியது. அவுஸ்திரேலியாவிலும் 2024 உடன் மூன்றாந் தலைமுறை ஓய்ந்தது. அந்நாடுகளில் அழைப்புகளும் நான்காந் தலைமுறை வலையமைப்பின் மேலேயே செல்லவேண்டும். அதற்கான வசதியை வோல்ட்டி என்பர். இணையம் வேகமாக ஓடும் ஒரு கருவி, வோல்ட்டி இல்லாமையால் அழைப்புக்கு ஊமையாகிவிடக்கூடும். சிட்னியில் மகளிருக்கும் சகோதரருக்கும் வீடு உள்ளவர்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும்; அவசர எண்ணை வோல்ட்டி வழியே அழைக்கமுடியாத கருவிகளை அந்நாட்டு வலையமைப்புகள் ஏற்பதேயில்லை.

இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகிய மூன்றிலும் நான்காந் தலைமுறைக்கு 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை பயன்படுகிறது. ஆகவே இங்கே வாங்கிய கருவி அங்கெல்லாம் தடையின்றி வேலைசெய்யும். வட அமெரிக்காவின் வழி வேறு. அங்கே 700, 1900 முதலிய வரிசைகள் முதன்மையானவை. நம் சந்தைக்கு வரும் மலிவான வகைகள் சிலவற்றில் அவை முழுமையாக இல்லை. சென்னைக்கும் துபாய்க்கும் மட்டும் போகிறவருக்கு இது கவலையன்று. ரொறன்ரோவுக்கும் போகிறவர் கருவியின் பெட்டியில் உள்ள பட்டியலைப் பார்த்தே வாங்கவேண்டும்.

கருவி நன்றாயிருந்தும் நாட்டின் விதி தடுப்பதுண்டு. சீனத்தில் வட்ஸ்அப்பும் கூகிள் சேவைகளும் திறவா. விடுதியின் வைஃபையில் எவ்வளவு முயன்றும் பயனில்லை. ஆனால் இலங்கை எண்ணின் வெளிநாட்டு இணையத்தில் அவை பெரும்பாலும் இயங்கும். ஏனெனில் அந்தத் தரவு நம் நாட்டு நிறுவனத்தின் வழியாகவே உலகத்தை அடைகிறது. கட்டணம் கூடுதலாயினும், சரக்குப் பட்டியல் அனுப்பும் நாளில் அது கைகொடுக்கும். குவாங்சௌ வணிகரோடு பேச வீசாட் வேண்டும். பணம் செலுத்த அலிப்பே. இவற்றை இங்கிருந்தே நிறுவிப் பரீட்சித்துக்கொண்டு போவது நல்லது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப் செய்தி போகும், குரல் அழைப்புப் போகாது. அனுமதிபெற்ற வேறு செயலிகளே அங்கு அழைப்புக்கு உதவுவன. சீனச் சந்தைக்கென்றே ஆக்கப்பட்ட தொலைபேசிகளிற் பலவும், 2019 இன் அமெரிக்கத் தடைக்குப்பின் வந்த ஹுவாவே கருவிகளும் கூகிள் சேவைகள் இன்றி வருவன. விலைக்கு மயங்கி அவற்றை வாங்கியவர் பின்னர் வங்கிச் செயலியை நிறுவ அல்லற்படுவதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு காலத்தில் வணிகரின் தொலைபேசி என்றாலே கனடாவின் பிளாக்பெரிதான். கட்டைவிரலால் மின்னஞ்சல் தட்டிக்கொண்டு விமான நிலையத்தில் நிற்பவர் பெரிய முதலாளி என்று பொருள். 2010 இல், அதன் செய்திகளைத் தம்மாற் கண்காணிக்க முடியவில்லை என்று ஐக்கிய அரபு இராச்சியம் தடைவிதிக்கப் போவதாக அறிவித்தபோது நம் துபாய் வியாபாரிகள் கலங்கினர். கடைசி நேரத்தில் அத்தடை தவிர்ந்தது. ஆனால் 2022 சனவரி 4 ஆந் தேதி, பழைய கருவிகளுக்கான சேவையை அந்நிறுவனமே நிறுத்திற்று. உறுதியாகச் செய்யப்பட்ட விசைப்பலகைகள் தேயாமலிருந்தும் கருவி பயனற்றதாயிற்று. எனவே, இக்கருவிக்கு எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பித்தல் தருவீர்கள் என்று விற்பவரைக் கேளுங்கள். சாம்சங் தன் எஸ்24 வரிசைக்கும், கூகிள் தன் பிக்ஸெல் 8 க்கும் ஏழு ஆண்டு என அறிவித்துள்ளன. வங்கிக் கணக்கைச் சுமந்துசெல்லும் கருவிக்கு இது நிழற்படக் கண்ணாடியை விட முக்கியமானது.

எங்கே வாங்குவது? துபாயில் விலை குறைவு என்பது உண்மை. ஆனால் 2025 சனவரி பிற்பகுதியிலிருந்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியப்படாத புதிய கருவிகளை நம் வலையமைப்பு ஏற்பதில்லை என்ற விதி வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர் அனுமதி பெறவேண்டும். புறக்கோட்டை முதலாங் குறுக்குத் தெருவிலோ கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலோ வாங்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 0, 6, மீண்டும் சதுரக் குறி என அழுத்தினால் கருவியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தோன்றும். ஐ.எம்.இ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளுடன் இடைவெளி விட்டு அந்த எண்ணை 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், பதிவு பற்றிய விடை கிடைக்கும். பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் கடையில் நின்றபடியே இதைச் செய்துவிடுங்கள்.

மின்னேற்றம் பற்றிச் சில சொற்கள். மேலதிகப் பற்றரிப் பெட்டியைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லலாம். 100 வாட் மணி வரைக்கும் தனி அனுமதி வேண்டியதில்லை. அது சாதாரணக் கணக்கில் ஏறத்தாழ 27,000 மில்லியம்பியர் மணி. விமானத்தினுள் அதைப் பயன்படுத்துவதைச் சிங்கப்பூர் எயர்லைன்சும் எமிரேட்சும் 2025 இல் தடைசெய்துவிட்டன. சீனத்தின் உள்நாட்டு விமானங்களில், அந்நாட்டின் மூன்று சி முத்திரை இல்லாத பெட்டியை 2025 யூன் முதல் அனுமதிப்பதில்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் நம் புதிய வீடுகளிலுள்ள சதுரமுனைச் செருகி பொருந்தும். சென்னைக்கு உருளைமுனை வேண்டும்.

இறுதியாக ஒரு பாதுகாப்பு. திருடன் தொலைபேசியின் பூட்டைத் திறக்கவேண்டுமென்பதில்லை. அட்டையைக் கழற்றித் தன் கருவியிற் போட்டால் உங்கள் வங்கியின் குறுஞ்செய்தி அவனுக்கே வரும். அதனால் அட்டைக்கென்று தனி இரகசிய எண் இடுங்கள். அவ்வசதி அமைப்பிலேயே உண்டு; மூன்று முறை தவறினால் அட்டை பூட்டிக்கொள்ளும். நிறுவனம் முன்னரே இட்டிருக்கும் எண்ணைக் கேட்டறிந்தபின் மாற்றுவது உத்தமம்.

என் பழைய மாணவர் இப்போது இரண்டு எண்கள் ஏற்கும் நடுத்தர விலைக் கருவி ஒன்றை வைத்திருக்கிறார். நிழற்படத்தில் நிகரற்ற அந்தப் பழைய கருவியையும் விற்கவில்லை. முதல்நாள் இரவு அதற்கு மின்னேற்றி, அலைபேசி நிறுவனத்தின் எண்ணையும் வங்கியின் அவசர எண்ணையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அதன் உறைக்குள் மடித்துவைத்து, கைப்பையின் அடியில் இட்டுக்கொண்டே கட்டுநாயக்காவுக்குப் புறப்படுகிறார். சென்ற தைப்பொங்கலுக்கு அவர் கடையில் நல்ல சேலைகள் இருந்தன.