வருகைப் பதிவேடும் பிஎச்பியும்

இணையத்தளத்துக்கு வருவோரைக் கணக்கெடுப்பதும், தளத்தை இயக்க ஒரு நிரல்மொழியைத் தெரிவதும் இரு வேறு வேலைகள்போலத் தோன்றும். பிஎச்பி மொழியின் கதையில் இரண்டும் ஒன்றாகவே பிறந்தன. 1994 இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப், இணையத்தில் ஏற்றியிருந்த தமது தன்விவரக் கோவையை யார் யார் பார்க்கிறார்கள் என்று அறியச் சில சிறு நிரல்களை எழுதிக்கொண்டார். 1995 ஜூனில் அவற்றை எல்லோரும் எடுத்தாளும்படி வெளியிட்டார். அவை வளர்ந்ததே பிஎச்பி. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 முதல் சேர்த்துவரும் ‘நூலகம்’ தளமும் அம்மொழியில்தான் ஓடுகிறது. விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்ட மீடியாவிக்கி மென்பொருளே அதன் அடித்தளம்.

வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்டதும் சேர்வரில் நிரல் ஓடும். தரவுத்தளத்தில் வேண்டியதை எடுத்துப் பக்கத்தைக் கட்டி அனுப்பும். கைத்தொலைபேசிக்கு வந்துசேர்வது கட்டி முடித்த பக்கம் மட்டுமே. நிரல் சேர்வரிலேயே தங்கிவிடும். கேட்பவை எல்லாம் அந்த ஒரு வாசல் வழியாகவே வருவதால், வந்தவரைக் குறித்துவைக்கவும் அதுவே தோதான இடம்.

புளியந்தீவில் வாவிக்கரையிலுள்ள விருந்தினர் விடுதி ஒன்று தனக்கொரு தளம் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒருவர் அறை வாடகைப் பக்கத்தைத் திறந்தவுடன் சேர்வரின் பதிவேட்டில் ஒரு வரி விழும். வந்த ஐபி எண், திகதி, நேரம், கேட்ட பக்கம், விடை எண், அனுப்பிய பைட்டுகள், உலாவியின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். விடை எண் 200 என்றால் பக்கம் கிடைத்தது; 404 என்றால் அப்படியொரு பக்கமே இல்லை. விடுதிக்காரருக்கு மிகவும் பயன்படுவது இந்த 404 வரிகள்தான். எந்த இணைப்பு அறுந்து கிடக்கிறது என்பதை அவை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் வரிகளை எண்ணி ஆட்களை எண்ணிவிட முடியாது. ஒரு பக்கத்தில் 12 படங்கள் இருந்தால் ஒருவர் ஒருமுறை பார்த்ததற்கே 13 வரிகள் விழும். ‘ஹிட்ஸ்’ என்று பெருமையாகச் சொல்லப்படும் தொகை பெரும்பாலும் இதுதான். தேடுபொறிகளின் ரோபோக்களும் அதே பதிவேட்டில் வரி வரியாக ஏறும். கைத்தொலைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே ஐபி எண்ணின் பின்னால் வைத்திருப்பதால், கல்லடியில் ஒருவரும் காத்தான்குடியில் இன்னொருவரும் ஒரே ஆளாகத் தெரியக்கூடும். இருவரையும் கொழும்பில் இருப்பதாகவும் காட்டக்கூடும். நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சேர்வர் உலகப் பொதுநேரத்தில் ஓடினால் கணக்கு ஐந்தரை மணி பின்தங்கும். காலை 5 மணிக்கு வந்தவர் முந்திய நாள் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

வந்தவரே திரும்பி வருகிறாரா என்று அறிய, 1994 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கிய ‘குக்கி’ உதவுகிறது. 2005 இல் வந்த கூகுள் அனலிட்டிக்ஸ், குக்கியோடு உலாவியில் ஓடும் நிரலொன்றையும் சேர்த்து எண்ணும் வேலையைச் சுலபமாக்கியது. அதற்கு ஈடாக வருகையாளரின் நடமாட்டம் கூகுளின் கைக்குப் போகிறது. மடோமோ என்ற திறந்தமூல மென்பொருளைச் சொந்தச் சேர்வரிலேயே நிறுவலாம். அதுவும் பிஎச்பியில் எழுதப்பட்டதே. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இணையவழி அடையாளங்களையும் தனிப்பட்ட தரவாகவே கொள்வதால், தேவைக்கு மேல் திரட்டி வைப்பது தலையிடிதான்.

எண்ணுவதற்கும் செலவு உண்டு. மீடியாவிக்கியில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பார்வைக் கணக்கு இருந்தது. ஒவ்வொரு பார்வைக்கும் தரவுத்தளத்தில் எழுத வேண்டியிருந்தது. முன்கூட்டியே கட்டிவைத்த பிரதியிலிருந்து பக்கம் போகும்போதோ கணக்கு தப்பியது. 2015 இல் வந்த 1.25 ஆம் பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள்.

இனி மொழித் தெரிவு. மைக்ரோசொப்ட் 1996 இல் கொண்டுவந்த ஏஎஸ்பி, விண்டோஸ் சேர்வரையே நம்பியிருந்தது. பிஎச்பியோ லினக்ஸோடு இலவசமாகக் கிடைத்தது; குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் பகிர்வு சேர்வர்களில் எல்லாம் புகுந்தது. 2003 இல் வந்த வேர்ட்பிரஸ் அதன் இடத்தை இன்னும் உறுதியாக்கியது. ஒரே நேரத்தில் ஏராளமான இணைப்புகளைத் திறந்துவைக்க வேண்டிய உரையாடல் செயலி போன்றவற்றுக்கு 2009 இல் வந்த நோட்.ஜேஎஸ் பொருந்தும். விடுதியின் ஐந்தாறு பக்கங்களுக்கு இவை எதுவுமே தேவையில்லை. மாறாத பக்கங்களாக எழுதி ஏற்றினாலே போதும். பதிவேடு அப்போதும் எழுதப்படும். அறைப் பதிவைத் தளத்திலேயே ஏற்கும் நாளில்தான் நிரல் வேண்டும். அப்போது மொழியின் வேகத்தைவிட, பழுதானால் திருத்த ஊரில் ஆள் கிடைப்பாரா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

திருத்துவது ஒருநாள் வேலையன்று. பிஎச்பி 7.4 க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றன. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கப் புதிய பதிப்புக்கு மாற வேண்டும். விடுதியின் தளத்தில் வேர்ட்பிரஸ் இல்லாவிட்டாலும் அதன் நுழைவுப் பக்கத்தைக் கேட்டு 404 வாங்கிப்போகும் ரோபோக்களின் வரிகளைப் பதிவேட்டில் காணலாம். எந்தத் தளம் பழைய பதிப்பில் ஓடுகிறது என்று அவை தேடிக்கொண்டிருக்கின்றன.