ஒரு பழைய பஸ்ஸின் விலை

லூயிவில் கிளிப்பர்ஸ் என்ற பேஸ்பால் அணிக்கு ஊர் ஊராகப் போய் ஆட ஒரு பஸ் தேவைப்பட்டது. பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் அணியிடம் பழைய பஸ் ஒன்று இருந்தது. பேரம் படிந்தது. பஸ் லூயிவில்லுக்குப் போனது. அதற்கு ஈடாக இரண்டு ஆட்டக்காரர்கள் பர்மிங்ஹாமுக்குப் போனார்கள்.

1950களின் முற்பகுதியில் அமெரிக்காவின் கறுப்பர் லீகில், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கென்று தனியாக இருந்த போட்டித் தொடரில், நடந்தது இது. இருவரில் ஒருவர் ஜெஸ்ஸி மிட்செல். இன்னொருவர் இருபது வயதை ஒட்டிய பிட்சர், சார்லி பிரைட். பின்னாளில் தன் சுயசரிதையில் அவர் இதைச் சொல்லியிருக்கிறார். பிறகு ஆர்சிஏ நிறுவனத்துக்குக் கோடிக்கணக்கில் இசைத்தட்டு விற்றுக்கொடுத்த குரலுக்கு, அன்றைக்கு வைக்கப்பட்ட விலை ஒரு பழைய பஸ்ஸில் பாதி.

சென்ற வாரம், வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பெரிய லீகுக்குள் நுழைந்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனைப் பார்த்தோம். 1947 ஏப்ரலில் அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியபோது, மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்லெட்ஜ் என்ற சிற்றூரில் சார்லிக்குப் பதின்மூன்று வயது. அப்பா வாரத்துக்கு உழும் விவசாயி. வீட்டில் பதினொரு பிள்ளைகள். எல்லோரும் பருத்திக் காட்டில் இறங்கவேண்டும். காட்டை விட்டு வெளியேற ஒரு வழி இருக்கிறது என்று ராபின்சனைப் பார்த்துத்தான் சார்லிக்குத் தோன்றியது. பந்தை எறிந்தே போய்விடலாம் என்று அந்தப் பையன் முடிவு செய்தான்.

வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. சனிக்கிழமை இரவானால் அப்பா நாஷ்வில் நகரத்து ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ நிகழ்ச்சியை வைப்பார். கன்ட்ரி இசை என்பது தெற்கத்தி வெள்ளைக்கார உழவர்களின் பாட்டு என்றுதான் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. கிட்டார், ஃபிடில், காதல் தோல்வி, குடி, ரயில், அம்மா. ஹேங்க் வில்லியம்ஸின் பாட்டைச் சார்லி அப்படியே திருப்பிப் பாடுவான். அவர்கள் பாட்டை நீ ஏன் பாடுகிறாய் என்று உடன்பிறந்தவர்களே கேட்டார்கள். அவனுக்கு அது அவர்கள் பாட்டாகத் தோன்றவில்லை, ரேடியோவில் வந்த பாட்டு, அவ்வளவுதான். பதினான்கு வயதில் சியர்ஸ் கடையின் தபால் விற்பனையில் ஒரு கிட்டார் வாங்கித் தானே பழகிக்கொண்டான்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குப் பிட்சரின் வேலையைச் சொல்லிவிடலாம். ஓடிவரும் ஓட்டம் கிடையாது. மண்மேட்டின் மேல் நின்று, அறுபதடி தூரத்தில் இருக்கும் மட்டைக்காரருக்கு, தரையில் குத்தாமல் பந்தை எறியவேண்டும். ஒரே ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல்கூட எறிய நேரும். முழங்கையும் தோளும்தான் முதல். அவை போனால் பிழைப்பு போனது.

சார்லிக்கு அது சீக்கிரமே போனது. மெம்ஃபிஸ் ரெட் சாக்ஸ் அணியில் தொடங்கியவரை, 1953இல் நியூயார்க் யாங்கீஸின் கீழ்நிலை அணியான பாய்சி யாங்கீஸ் எடுத்தது. அங்கே கையில் காயம். பந்தின் வேகம் குறைந்தது. அணி அவரைக் கைவிட்டது. பஸ் பேரம் அதற்குப் பிறகுதான். 1956இல் ராணுவம் அழைத்தது. அதே ஆண்டு மெம்ஃபிஸில் சந்தித்த ரோசீனை மணந்தார். ராணுவத்திலிருந்து திரும்பியும் பேஸ்பாலை அவர் விடவில்லை.

இந்தப் பிடிவாதம்தான் அவரை வடக்கே, மொன்டானா மாநிலத்துக்குக் கொண்டுபோனது. அங்கேயும் ஒரு சிறிய தொழில்முறை அணி சில ஆட்டங்களோடு அனுப்பிவிட்டது. கிழக்கு ஹெலெனாவில் ஈயம் உருக்கும் ஆலை ஒன்று இருந்தது. ஆலைக்கென்று ஒரு பேஸ்பால் அணி. நன்றாக எறியத் தெரிந்தவருக்கு உலைக்களத்தில் வேலையும் கிடைக்கும். பகலில் கொதிக்கும் உலை, ஓய்வு நாளில் ஆட்டம். இவர் பாடுவார் என்று தெரிந்ததும் அணி மேலாளர் ஒரு ஏற்பாடு செய்தார். எறிவதற்குப் பத்து டாலர், ஆட்டத்துக்கு முன்னால் கால்மணி நேரம் பாடுவதற்குப் பத்து டாலர்.

இரண்டு கூலியும் சரிசமம். என் பார்வையில் அவர் வாழ்க்கையின் அச்சு அந்த மைதானம்தான். எறிகிற ஆளும் பாடுகிற ஆளும் ஒருவரே என்பதை மறைக்காமல், அதில் குறையும் காணாமல், இரண்டுக்கும் காசு கொடுத்தார்கள். நாஷ்வில் நகரத்துக்கு அந்தத் துணிவு வர வெகுகாலம் ஆனது.

1960களின் தொடக்கத்தில் அவர் பெரிய அணிகளின் கதவை மறுபடி தட்டினார். லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் சில நாள் பார்த்துவிட்டு அனுப்பியது. புதிதாகத் தொடங்கியிருந்த நியூயார்க் மெட்ஸ் அணியைத் தேடி ஃபுளோரிடா முகாமுக்கே போய் நின்றார். அங்கே அவரைச் சோதித்துப் பார்க்கக்கூட யாரும் முன்வரவில்லை. திரும்பும் வழியில் நாஷ்வில்லில் இறங்கினார். ஹெலெனாவுக்குக் கச்சேரி செய்ய வந்திருந்த ரெட் சோவைன், ரெட் ஃபோலி என்ற இரு பாடகர்கள் இவர் குரலைக் கேட்டு, நாஷ்வில்லுக்குப் போ என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மெட்ஸ் காட்டிய அலட்சியம் அந்த வார்த்தையை நினைவுபடுத்தியது.

ஜாக் கிளெமென்ட் ஒலிப்பதிவு செய்தார். கிட்டார் மேதை செட் அட்கின்ஸ் 1965இல் ஆர்சிஏ நிறுவனத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொடுத்தார். முதல் தட்டு 1966 ஜனவரியில் வந்தது. ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பியபோது வழக்கமாகச் சேர்க்கும் புகைப்படத்தைச் சேர்க்கவில்லை. ‘கன்ட்ரி’ சார்லி பிரைட் என்று பெயருக்கு முன்னால் ஒரு முத்திரை மட்டும் இருந்தது. முகத்தைக் காட்டினால் தட்டைச் சுழலவிடமாட்டார்கள் என்ற பயம். வியாபாரக் கணக்கில் அது பலித்தது. ஆனாலும் ஒரு மனிதனின் குரலை விற்க அவன் முகத்தை ஒளிக்க நேர்ந்தது பெரிய அவமானம். அந்த அவமானம் அவருடையது அல்ல.

அதே 1966இல் டெட்ராய்ட் நகரின் ஒலிம்பியா ஸ்டேடியத்தில் அவருக்கு முதல் பெரிய மேடை. பெயரை அறிவித்ததும் கைதட்டல் எழுந்தது. ஆள் மேடைக்கு வந்ததும் அது தேய்ந்து, அரங்கமே அடங்கிப்போனது. இவர் மைக்கைப் பிடித்து, நிரந்தரமாக வெயிலில் கறுத்த ஒருவன் கன்ட்ரி பாட வந்திருப்பது விசித்திரமாகத்தான் இருக்கும் என்று சிரித்தபடி சொன்னார். சிரிப்பு பரவியது. பிறகு பாடினார். மட்டைக்காரர் எதிரில் இருக்க, பின்னால் கூட்டம் கத்த, அடுத்த பந்தில் மட்டும் கண்ணை வைப்பது பிட்சர்களுக்குப் பழக்கம். அன்று மேடையில் நிற்க அவருக்கு அந்தப் பழக்கம் உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதன்பின் வெற்றிகள் வேகமாக வந்தன. 1969இல் ‘ஆல் ஐ ஹேவ் டு ஆஃபர் யூ (இஸ் மீ)’ கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1971இல் ‘கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னின்’. அதே ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் மிக உயர்ந்த விருது. மொத்தம் 29 பாடல்கள் முதலிடத்துக்கு வந்தன. 2000இல் கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பாடகர் ஆனார்.

பேஸ்பால் அவரை விடவில்லை, அவரும் அதை விடவில்லை. ஆண்டுதோறும் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் வசந்தகால முகாமுக்குப் போய் இளைஞர்களோடு பயிற்சி செய்வார், அவர்களுக்காகப் பாடுவார். 2008 ஜூனில், உயிரோடிருந்த பழைய கறுப்பர் லீக் ஆட்டக்காரர்களை 30 பெரிய அணிகளும் ஆளுக்கொருவராக அடையாளமாகத் தேர்ந்தெடுத்தன. ரேஞ்சர்ஸ் தேர்ந்தெடுத்தது சார்லியை. அண்ணன் மேக் பிரைடும் கறுப்பர் லீக் பிட்சர்தான். அவரைக் கொலராடோ ராக்கீஸ் எடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து ரேஞ்சர்ஸ் அணியை வாங்கிய பங்குதாரர்களில் சார்லியும் ஒருவர். ஒரு காலத்தில் பஸ்ஸுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டவர், ஓர் அணியில் பங்கு வைத்திருந்தார்.

2020 நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கம் நாஷ்வில்லில் அவருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தது. அடுத்த மாதம் 12ஆம் தேதி, டல்லாஸ் நகரில், கொரோனாவால் காலமானார். வயது 86.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 16 அன்று, கறுப்பர் லீகுகளும் பெரிய லீகுகளே என்று அமெரிக்க பேஸ்பால் நிர்வாகம் அறிவித்தது. அந்த அங்கீகாரம் 1920 முதல் 1948 வரை ஆடியவர்களுக்குத்தான். சார்லி பிரைட் ஆடத் தொடங்கியது அதற்கு நான்கு ஆண்டு கழித்து.

(தொடரும்)