புலி உருவம் தாங்கிய கித்தார்

நல்ல வாத்தியம் ஒன்றின் நாதத்தைக் கேட்டு மகிழ்வோர் அதனை வாசித்தவர் பெயரை மறப்பதில்லை. அதனைச் செய்தவர் பெயரைக் கேட்டறிவோரோ மிகச் சிலர். மரத்தைத் தேர்ந்து, உலர்த்தி, அறுத்து, இழைத்து, மெருகிட்டுக் கொடுத்த கைக்கு அரங்கிலே இடமில்லை. இது உலக வழக்கம். இவ்வழக்கத்திற்கு மாறாக, இசைக்கலைஞர் ஒருவர் தமது மரணசாசனத்திலே, தாம் வாசித்த வாத்தியங்களை அவற்றைச் செய்த தச்சருக்கே எழுதிவைத்துச் சென்றார். அக்கலைஞர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜெரி கார்சியா. தச்சர் டக் ஏர்வின். வாத்தியம் மின்கித்தார். அந்தச் சாசனம் எவ்வாறு நிறைவேறியது என்பதை அறியுமுன், அத்தகைய வாத்தியம் எவ்வாறு உருவாகின்றது என்பதை அறிதல் நன்று. உழைப்பின் அளவு தெரிந்தாலன்றி உரிமையின் நியாயம் விளங்காது.

மின்கித்தார் பார்வைக்குக் கித்தாரே எனினும், ஒலி பிறக்கும் முறையில் அது வேறு. சாதாரண கித்தாரின் உடல் உள்ளே வெறுமையானது. நரம்பின் அதிர்வு மெல்லிய மேற்பலகையை அசைக்கின்றது. பலகை உள்ளிருக்கும் காற்றை அசைக்கின்றது. அதனால் ஒலி பெருகுகின்றது. மின்கித்தாரிலோ நரம்புகள் உருக்கினாலானவை. அவற்றின் கீழே காந்தமும், அதனைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றாகச் சுற்றிய சுருளும் இருக்கும். உருக்கு நரம்பு அதிரும்போது காந்தப்புலம் மாறுகின்றது. அம்மாற்றம் சுருளிலே சிறிய மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டிலே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் தத்துவமே இது. இந்தச் சிறு மின்னோட்டத்தைப் பெருக்கி, ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் பெரிய மண்டபம் முழுவதும் கேட்கும்.

ஒற்றைச் சுருளுக்கு ஒரு குறை உண்டு. அருகிலுள்ள மின்விளக்கு, மின்கம்பி ஆகியவற்றின் இரைச்சலையும் அது ஏற்றுக்கொள்ளும். இக்குறையைப் போக்கக் கிப்சன் கம்பனியின் பொறியியலாளர் செத் லவர் 1955ஆம் ஆண்டளவில் ஓர் உபாயம் கண்டார். இரண்டு சுருள்களை ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றி, காந்தங்களையும் எதிர்முகமாக வைத்தார். வெளியிரைச்சல் ஒன்றையொன்று அழித்தது; நரம்பின் ஒலி மட்டும் ஒன்றோடொன்று கூடியது. இன்றும் இவ்விருவகைச் சுருள்களும் வழக்கில் உள்ளன.

ஒலியைச் சுருளே தருமாயின் மரத்திற்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். நரம்பைத் தளராமல் தாங்குவது முதல் வேலை. ஆறு நரம்புகளும் சுருதி கூட்டிய நிலையில் கழுத்தை ஏறக்குறைய 100 இறாத்தல் விசையோடு இழுக்கின்றன. வளையாத மரம் வேண்டும். அன்றியும், அம்மரத்தினுள்ளே உருக்குத் தண்டொன்றும் மறைத்துப் பொருத்தப்படும். இரண்டாவது, உள்ளே வெறுமையான உடல் ஒலிபெருக்கியின் ஓசையைத் தானே ஏற்று மீண்டும் அதிர்ந்து ஊளையிடும். கட்டியான மரத்தில் அத்தொல்லை குறைவு.

இனி மெட்டுக்களைக் காண்போம். நமது வீணையில் 24 மெட்டுக்களையும் மெழுகிலே பதித்து, செவியினாற் கேட்டு, ஒவ்வொன்றாக இடம் சரிசெய்வர். கித்தாரில் விரற்பலகையிலே கீறல் அறுத்து, உலோக மெட்டை அடித்து இறுக்கிவிடுவதால், பின்னர் அசைக்க இயலாது. ஆகவே கணக்கே வழிகாட்டி. அடுத்தடுத்த மெட்டுக்களுக்கு நரம்பின் நீளம் 1.0595 என்னும் எண்ணால் வகுபட்டுக் குறுகும். நரம்பின் நீளம் 25.5 அங்குலமாயின் முதல் மெட்டு ஏறக்குறைய 1.43 அங்குலத்தில் அமையும். பன்னிரண்டாவது சரிபாதியான 12.75 அங்குலத்தில் அமையும். இருபத்து நான்காவது 19.125 அங்குலத்தில் வந்து இரண்டு ஸ்தாயிகள் நிறைவுறும். ஒரு கீறல் ஒரு மயிரிழை தவறினாலும் அந்தச் சுரம் என்றும் அபசுரமே. பலகையை எறிந்துவிட்டு வேறு பலகையில் முதலிலிருந்து தொடங்குவதன்றி வேறு வழியில்லை.

டக் ஏர்வின் கலிபோர்னியாவிலே அலெம்பிக் என்னும் வாத்தியக் கம்பனியிற் பணியாற்றித் தொழிலில் தேர்ந்தவர். அவர் செய்த கித்தார் ஒன்று கார்சியாவின் கண்ணிற் பட்டது. 1942ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவிலே பிறந்த கார்சியா, சிறு வயதிலே விபத்தொன்றில் வலக்கை நடுவிரலின் பெரும்பகுதியை இழந்தவர்; அவ்வாறிருந்தும் கித்தார் வாசிப்பில் தனியிடம் பெற்றவர்; 1965ஆம் ஆண்டு உருவான கிரேற்புல் டெட் என்னும் இசைக்குழுவின் தலையாய கலைஞர். ஏர்வினின் கித்தாரைக் கையில் எடுத்ததும் அவர் அதனை விலைக்கு வாங்கினார். தமக்கென மற்றொன்று செய்து தருமாறும் கேட்டார்.

அவ்வாறு பிறந்தது ஓநாய் என்று பெயர்பெற்ற கித்தார். 1973ஆம் ஆண்டு அது கார்சியாவின் கைக்கு வந்தது. விலை 1,500 டொலர். செந்நீல நிறமுடைய மரமும், அலையலையாக வரியோடிய மேப்பிள் மரமும் சேர்த்துச் செய்த உடல், கருங்காலி விரற்பலகை. அதற்கு ஓநாய் என்னும் பெயர் வந்த விதம் சுவையானது. கார்சியா விளையாட்டாக ஓநாயின் கேலிச்சித்திரம் அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒன்றைக் கித்தாரின் முகத்திலே ஒட்டியிருந்தார். சில ஆண்டுகளின் பின் கித்தார் மறுமெருகிற்காகத் தச்சரிடம் வந்தது. மெருகைச் சுரண்டினால் ஒட்டுத்தாளும் போய்விடும். ஏர்வின் அதனை வீணென்று எண்ணவில்லை. அதே ஓநாயைத் தாமே வரைந்து, மரத்திலே நிலையான பதிப்பு வேலையாக அமைத்துத் திருப்பிக் கொடுத்தார். வாசிப்பவரின் விளையாட்டை மதித்து அதனைத் தம் கலையாக்கிக்கொண்ட இச்செயல் இருவருக்குமிடையே இருந்த நட்பிற்குச் சான்று.

ஓநாயைக் கையேற்ற காலத்திலேயே கார்சியா அடுத்த கித்தாருக்கும் சொல்லிவைத்தார். இம்முறை எதனையும் குறைத்துக்கொள்ள வேண்டாம், அறிந்த வித்தை அனைத்தையும் காட்டலாம் என்பதே அவர் விதித்த நிபந்தனை. அந்தக் கித்தார் முடிவுற 6 ஆண்டுகள் சென்றன. தச்சர் அதிற் செலவிட்ட நேரம் ஏறக்குறைய 2,000 மணி. அதுவே புலி.

புலியின் உடல் ஒரே மரத்தாலானதன்று. வெவ்வேறு நிறமுடைய மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டிச் செய்தது. முகப்பில் கொக்கபோலோ என்னும் மரம். இடையே மேப்பிள் முதலியவை. கொக்கபோலோ மெக்சிக்கோ முதல் பனாமா வரையுள்ள நாடுகளில் வளர்வது. செம்மையும் கருமையும் கலந்த வரிகளுடையது. புலிக்கு ஏற்ற தோல் என்றே கூறலாம். ஆயின் அது தச்சனுக்கு எளிதில் வசப்படாத மரம். இயற்கையிலேயே எண்ணெய்ப்பசை மிக்கதாதலால் பசை எளிதிற் பற்றாது. ஒட்டுமுன் ஆவியாகும் திரவத்தால் மேற்பரப்பைத் துடைத்தல் வேண்டும். அதன் தூள் தோலிலே தடிப்பை உண்டாக்கும். மூச்சிலும் தொல்லை தரும். இன்று இம்மரம் அருகிவருவதால் அதன் வாணிகம் சர்வதேச உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

குதிரைக்குக் கீழே, மின்பெருக்கிச் சாதனத்தை மூடிய தகட்டின்மேலே, வாத்தியத்திற்குப் பெயர் தந்த புலி உருவம் பதிக்கப்பட்டது. இத்தகைய பதிப்பு வேலை பொறுமையின் எல்லையைச் சோதிப்பது. முதலில் உருவத்தைத் தாளில் வரைந்து, துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் முத்துச்சிப்பியின் உள்ளோடு போன்ற பொருள்களில் ஒட்டி, பொற்கொல்லரின் நுண்ணிய வாளினால் அறுத்தெடுப்பர். பின்னர் மரத்திலே அதே வடிவிற் பள்ளம் குடைந்து, துண்டுகளை இருத்தி, மரத்தூள் கலந்த பசையால் இடைவெளியை நிரப்பி, காய்ந்தபின் மட்டமாகத் தேய்ப்பர். சிப்பி எளிதில் உடையும். பள்ளம் சற்றுப் பெருத்தாலும் விளிம்பிலே கருங்கோடு தெரியும்.

இறுதி வேலை மெருகு. கரடான அரத்தாளில் தொடங்கிப் படிப்படியாக நுண்ணிய தாள்களால் தேய்த்து, மரத்தின் நுண்துளைகளை அடைத்து, மெல்லிய பூச்சுக்களைப் பூசி, ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருந்து, மீண்டும் தேய்த்து மினுக்குவர். அவசரப்பட்டுத் தடித்த பூச்சாகப் பூசினால் மேற்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாயிருக்கும். நாளடைவில் சுருங்கி வெடிக்கும். மெருகு புதிதாக எதையும் மறைப்பதில்லை. முன்னர் செய்த பிழைகளையே ஒளியிட்டுக் காட்டுகின்றது.

புலியின் உட்புறமும் சாதாரணமானதன்று. ஒலியை மாற்றும் துணைச் சாதனங்கள் சில, கித்தாரிலிருந்து வரும் மின்னோட்டம் வலுவாக இருந்தாலன்றிச் சரியாக இயங்கமாட்டா. வழக்கமான கித்தாரில் வாசிப்பவர் ஒலியைக் குறைத்தால் அச்சாதனங்களுக்குச் செல்லும் மின்னோட்டமும் குறைந்துவிடும். புலியிலோ மின்னோட்டம் முழு வலுவோடு வெளியே சென்று, துணைச் சாதனங்களைக் கடந்து, கித்தாருக்கே மீண்டு வந்து, அதன் பின்னரே ஒலியளவுத் திருகியைச் சேரும். ஆகவே மெல்ல வாசித்தாலும் ஒலியின் குணம் மாறாது. பித்தளை வேலைப்பாடுகளும் மரஅடுக்குகளும் மின்சாதனமும் சேர்ந்து அதன் நிறை 13.5 இறாத்தல் ஆயிற்று. சாதாரண மின்கித்தார் 7 முதல் 9 இறாத்தல் வரையே இருக்கும். அந்தப் பாரத்தைக் கார்சியா பல மணி நேரம் தோளிலே தாங்கி வாசித்தார்.

1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் புலி முதன்முதலாக அரங்கேறியது. அடுத்த பத்தாண்டுகளுக்கு அதுவே கார்சியாவின் பிரதான வாத்தியம். 1995ஆம் ஆண்டு யூலை 9ஆந் திகதி சிக்காகோவில் நிகழ்ந்த கச்சேரியில், அப்போது பயன்படுத்திவந்த வேறொரு கித்தார் பழுதுற்றமையால், கார்சியா மீண்டும் புலியையே எடுத்தார். அதுவே இசைக்குழுவோடு அவர் வாசித்த கடைசிக் கச்சேரி. ஆகஸ்ட் 9ஆந் திகதி தமது 53ஆவது வயதிலே அவர் காலமானார்.

சாசனம் திறக்கப்பட்டது. ஏர்வின் செய்த கித்தார்கள் ஏர்வினுக்கே என்று அதிலே எழுதப்பட்டிருந்தது. ஆயின் இசைக்குழுவினர் அதனை ஏற்கவில்லை. அவ்வாத்தியங்கள் ஒருவரின் தனிச்சொத்தல்ல, குழுவின் பொதுச்சொத்து என்பது அவர்கள் வாதம். உரிமையில்லாத பொருளை ஒருவர் சாசனத்தால் வழங்க முடியாது என்பது சட்டம். ஆகவே அவ்வாதம் வெறும் பேராசையன்று. மறுபுறத்தில், அவற்றை வாசித்த மனிதரின் விருப்பம் ஐயத்திற்கிடமின்றி எழுத்திலே இருந்தது. வழக்கு இழுபட்டது. தச்சரோ அந்நாட்களிற் பொருள் முட்டுப்பாட்டில் இருந்தார். ஈற்றில் 2001ஆம் ஆண்டு சமரசம் உண்டாயிற்று. ஓநாயும் புலியும் ஏர்வினைச் சேர்ந்தன. ஏனையவை குழுவிடம் நின்றன.

கைக்கு வந்த இரண்டையும் ஏர்வினால் வைத்துக்கொள்ள இயலவில்லை. 2002ஆம் ஆண்டு மே மாதம் நியூயோர்க்கிலே அவை ஏலத்திற்கு வந்தன. ஓநாய் 789,500 டொலருக்கும், புலி 957,500 டொலருக்கும் விலைபோயின. 2017ஆம் ஆண்டு ஓநாய் மறுபடியும் ஏலம் போய் 19 இலட்சம் டொலர் பெற்றது. இம்முறை அவ்வேலம் குடியியல் உரிமைகளுக்காகப் பாடுபடும் நிறுவனமொன்றின் நன்மைக்காக நடந்தது.

இங்கே ஒரு சிறு கணக்குப் பொருத்தமாகும். புலிக்காக ஏர்வின் பெற்ற விலை 5,800 டொலர். அதனை 2,000 மணி நேரத்தாற் பிரித்தால் மணிக்கு 2 டொலர் 90 சதம் வரும். 1979ஆம் ஆண்டிலே அமெரிக்கச் சட்டம் விதித்த ஆகக் குறைந்த கூலியும் மணிக்கு 2 டொலர் 90 சதமே. மரம், பித்தளை, மின்சாதனம் ஆகியவற்றின் செலவைக் கழித்தால் தச்சரின் கூலி அதனிலும் குறைவு. தேர்ந்த கலைஞன், நாட்டின் கடைக்கூலியாளனுக்கும் கீழான கூலியிலே ஆறாண்டு உழைத்திருக்கிறான்.

பிற்காலத்திலே ஏறிய பெருவிலை மரத்திற்கோ சிப்பிக்கோ ஏற்பட்டதன்று என்று சிலர் கூறலாம். கார்சியாவின் கை பட்டதனால் ஏற்பட்டது அது. அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அந்தக் கை எத்தனையோ கித்தார்களைத் தொட்டும், தனக்கு வேண்டிய நாதத்தைக் கண்டது ஏர்வினின் வேலைப்பாட்டிலேதான். அதனை வேறெவரிலும் நன்றாக அறிந்தவர் கார்சியா. வாழும்போது கொடுத்த விலை போதாது என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். எஞ்சிய கடனைச் சாசனத்தின் மூலம் தீர்க்க முயன்றார். நியாயமன்றங்களையும் ஏலமண்டபங்களையும் கடந்து, காலந்தாழ்த்தியேனும், அக்கடனின் ஒரு பகுதி உரியவரைச் சென்றடைந்தது.