'மோர் பெட்டர்' என்று சொல்லலாமா?

தோட்டப்புறத்துப் பெற்றோர்களே! பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விழிக்கும்போது, "நமக்கு இங்கிலீசு எங்கே தெரியும்? வாத்தியாரைப் போய்க் கேள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பேசுவதென்று ஆங்கில இலக்கணத்தில் ஒரு பகுதி உண்டு. அதில் ஆங்கிலம் அறியாத தாய் தகப்பன் கூடப் பிள்ளைக்குக் கைகொடுக்கலாம்.

முதலில் நம் பேச்சைக் கவனியுங்கள். "செம்பனையைவிட ரப்பர் மரம் உயரம்" என்கிறோம். 'உயரம்' என்ற சொல் மாறவில்லை. 'விட' என்பதே வேலையை முடித்துவிடுகிறது. மலாயிலும் ஏறக்குறைய அப்படித்தான். 'திங்கி' என்றால் உயரம். 'லெபிஹ் திங்கி' அதைவிட உயரம். 'பாலிங் திங்கி' எல்லாவற்றிலும் உயரம். முன்னால் ஒரு சொல் வந்து நிற்கிறதே தவிர, 'திங்கி' அப்படியேதான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் சொல்லுக்கே வால் முளைக்கிறது. டால், டாலர், டாலெஸ்ட். (காசு டாலர் அல்ல!) ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலெஸ்ட். ஆனால் நீளமான சொல்லுக்கு வால் கிடையாது. அதற்கு முன்னால் 'மோர்', 'மோஸ்ட்' என்று சேர்க்க வேண்டும். மோர் பியூட்டிஃபுல், மோஸ்ட் பியூட்டிஃபுல்.

எது நீளம், எது குட்டை என்று கண்டுபிடிக்கக் கையைத் தட்டுங்கள். 'டால்' ஒரு தட்டு. 'பியூ-ட்டி-ஃபுல்' மூன்று தட்டு. ஒரு தட்டுச் சொல்லுக்கு வால், மூன்று தட்டுச் சொல்லுக்கு மோர். இரண்டு தட்டுச் சொல்தான் கொஞ்சம் தொல்லை. ஹேப்பி, ஹெவி, ஈசி என்று 'இ' ஓசையில் முடிந்தால் வால்: ஹேப்பியர், ஹெவியர், ஈசியர். எழுதும்போது கடைசியில் உள்ள 'ஒய்' எழுத்து 'ஐ' ஆகிவிடும். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் மோர்.

பிள்ளைகள் சறுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'மோர் டாலர்', 'மோர் பெட்டர்' என்பார்கள். இது மந்தபுத்தி அல்ல. தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளைத் தலையில் சுமக்கும் பிள்ளை, மலாயின் 'லெபிஹ்' இருந்த இடத்தில் 'மோர்' என்பதை வைத்து, ஆங்கில வாலையும் ஒட்டிவிடுகிறது. என்னிடம் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பெண்பிள்ளை ஒருத்தி, அங்கே 'மோர் டாலர்' என்று சொல்லப்போய், வகுப்பே சிரித்துவிட்டது. அந்த ஆண்டு முழுவதும் ஆங்கில வகுப்பில் அவள் வாயைத் திறக்கவேயில்லை. தவறு ஓர் எழுத்தளவு. இழந்ததோ ஓர் ஆண்டுப் படிப்பு.

உங்கள் தொழிலின் பெயரிலேயே ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. பால்மரம் வெட்டுகிறவரை ஆங்கிலத்தில் 'டேப்பர்' என்பார்கள். 'டேப்' என்ற வினையோடு 'அர்' சேர்ந்தால் அதைச் செய்பவர். 'பிக்' என்ற பண்போடு அதே 'அர்' சேர்ந்தால் அதைவிடப் பெரியது, 'பிக்கர்'. 'டேப்பர்' என்று எழுதும்போது 'பி' எழுத்து இரட்டிப்பதைப் போலவே 'பிக்கர்' என்பதில் 'ஜி' இரட்டிக்கும். 'ஹாட்டர்' என்பதில் 'டி' இரட்டிக்கும். டேப்பரை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இவை இரண்டும் தானே வந்துவிடும்.

குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். இவற்றுக்கு விதி எதுவும் இல்லை. வாய்ப்பாடு போல மனப்பாடம்தான்.

நம்முடைய 'விட' என்பதற்கு ஆங்கிலத்தில் 'தென்'. ஆனால் இடம் தலைகீழ். நாம் 'செம்பனையைவிட' என்று முதலில் சொல்கிறோம். அவர்கள் 'டாலர்' என்று சொன்ன பிறகே 'தென்' வரும், செம்பனை கடைசியில் வரும்.

எல்லாவற்றிலும் மேலானது என்று சொல்லும்போது முன்னால் 'த' என்ற சொல் வேண்டும். எந்த எல்லைக்குள் என்பதும் தெளிவாக வேண்டும். 2,187 மீட்டர் உயரமுள்ள தஹான் மலை தீபகற்பத்தில் 'த ஹையெஸ்ட்'. மலேசியா முழுவதும் என்றால் 4,095 மீட்டர் உயரமுள்ள சபாவின் கினபாலு மலைதான் 'த ஹையெஸ்ட்'. காலமும் எல்லைதான். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் 1998 முதல் 2004 வரை உலகிலேயே உயரமான கட்டடம். அதற்கு 'வாஸ் த டாலெஸ்ட்' என்றுதான் எழுத வேண்டும். இப்போது அதே நகரத்தில் மெர்டேக்கா 118 அதைவிட 'டாலர்' ஆகிவிட்டது.

சரி, வீட்டில் என்ன செய்வது? இரண்டு பால் வாளிகளை எடுங்கள், ஒன்றில் தண்ணீர் நிரப்புங்கள். எது கனம் என்று பிள்ளையை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். "திஸ் பேல் இஸ் ஹெவியர் தென் தட் பேல்" என்று வர வேண்டும். உங்கள் காதுக்கு ஒரே ஒரு வேலை. 'மோர்' என்றும் கேட்டு, சொல்லின் வாலில் 'அர்' என்றும் கேட்டால், "ஒன்றை விடு" என்று சொல்லுங்கள். அதற்கு நீங்கள் ஆங்கிலம் படித்திருக்க வேண்டியதில்லை.

வாளி, மங்கு, கத்தி, நாற்காலி என்று எதை வேண்டுமானாலும் ஒப்பிடுங்கள். அண்ணனையும் தம்பியையும் மட்டும் வேண்டாம், ஐயா. "அவனைவிட நீ மட்டம்" என்பதைத்தான் அந்தப் பிள்ளைகள் தமிழில் நாள்தோறும் கேட்கிறார்களே! மூன்றாவது வாளியும் அகப்பட்டால் 'த ஹெவியெஸ்ட்' வரை போய்விடலாம். இரவுச் சமையல் முடிவதற்குள் ஆகிவிடும்.