லாரி பிரேக்கை அரிக்கும் ஈரம்

ஓட்டுநரின் காலடியில் பிறக்கும் விசையைச் சக்கரம்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது பிரேக் குழாயின் வேலை. பிக்கப், மினி லாரி போன்ற சிறிய சரக்கு வண்டிகளில் அந்தக் குழாய்க்குள் இருப்பது பிரேக் ஆயில். பெரிய லாரிகளில் அழுத்திய காற்று. பெடலும் டிரம்மும் நல்ல நிலையில் இருந்தாலும் நடுவிலுள்ள குழாய் விட்டுப்போனால் பிரேக் பிடிக்காது. விபத்துச் செய்தியில் இது ‘திடீரென பிரேக் பிடிக்காததால்’ என்ற ஒரே சொற்றொடரில் முடிந்துவிடும். குழாயைப் பொறுத்தவரை ‘திடீரென’ என்பது பெரும்பாலும் பொருந்தாது. பல மாதங்களாக, சில வண்டிகளில் பல ஆண்டுகளாக, ஈரம் வெளியே ஒட்டிக்கொண்டோ உள்ளே புகுந்தோ அதைக் கெடுத்துவந்திருக்கும். ஆயில் பிரேக்கானாலும் ஏர் பிரேக்கானாலும் பழைய வண்டியில் முதல் எதிரி தண்ணீர்தான்.

ஆயில் பிரேக் குழாயைப் பார்த்தால் அதன் பொறுப்பு எவ்வளவு பெரியது என்று தோன்றாது. வெளிவிட்டம் ஏறத்தாழ 4.75 மில்லிமீட்டர், பேனா ரீஃபிலைவிடச் சற்றுத் தடிமன். சுவரின் கனம் 0.7 மில்லிமீட்டர். மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, சுற்றுகளுக்கு நடுவே தாமிரத்தை உருக்கிப் பற்றவைத்து இதைச் செய்கிறார்கள். வேகத்தைக் குறைக்க மெதுவாக மிதிக்கும்போது உள்ளே 20, 30 பார் அழுத்தம் எழும். முழு பலத்தோடு மிதித்தால் அது 100 பாரைத் தொடும். புதுக் குழாய் இதைப் பல மடங்கு தாங்கும். ஆனால் துருப்பிடித்துச் சுவர் மெலிய மெலிய, தாங்கும் திறனும் அதே விகிதத்தில் இறங்குகிறது. தாளளவு கனமே மிஞ்சியிருந்தாலும் அன்றாட ஓட்டத்தில் குழாய் சமாளித்துவிடும். பெடலிலும் வித்தியாசம் தெரியாது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் தாங்கிய குழாய், சாலையில் யாரோ குறுக்கே வந்து ஓட்டுநர் முழு பலத்தையும் கொடுக்கும் நொடியில் வெடிக்கிறது. எப்போது மிகவும் தேவையோ அப்போதே கைவிடுவதுதான் இந்தக் கோளாறின் கொடுமை.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களும் பேரேரிகளைச் சுற்றியுள்ள மாநிலங்களும் சான்று. அங்கே குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்புக் கரைசல் சக்கரத்தில் தெறித்து அடிச்சட்டமெங்கும் படிகிறது. கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு போன்ற உப்புகள் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால், மழையோ பனியோ இல்லாத நாளிலும் குழாய் நனைந்தே கிடக்கும். குழாயைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியில்தான் சேதம் மிக அதிகம். அங்கே சேறு புகுந்து உலராமல் தங்கும். வெளியே பூச்சு பளபளப்பாக இருக்க, கிளிப்பைக் கழற்றினால் குழாய் செதில் செதிலாகக் கையோடு வரும்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1999 முதல் 2003 வரையிலான பிக்கப், எஸ்.யு.வி. மாடல்களில் பிரேக் குழாய் துருப்பிடித்து உடைவதாகப் புகார்கள் குவிந்தன. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. 2010-இல் விசாரணையைத் தொடங்கியது. ஏறத்தாழ 50 லட்சம் வண்டிகள் அதன் வரம்பில் வந்தன. 2015 ஏப்ரலில் விசாரணை முடிந்தபோது, வண்டிகளைத் திரும்பப் பெறும் உத்தரவு எதுவும் வரவில்லை. இது தயாரிப்புக் குறை அல்ல, வயதாலும் உப்பாலும் வந்த தேய்மானம் என்று முடிவானது. குளிர்காலம் முழுவதும் அடிப்பகுதியைக் கழுவுங்கள், பழைய வண்டிகளில் குழாய்களை ஆய்வு செய்யுங்கள், துரு தெரிந்தால் மொத்தத் தொகுப்பையும் மாற்றுங்கள் என்பது உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. அறிவுரை சரியானதுதான். ஆனால் எஃகுக் குழாயைச் சட்டத்தின் உட்புறத்திலும் எரிபொருள் டேங்குக்கு மேலேயும் ஓடவிட்டுவிட்டு, அதைக் கவனிக்கவில்லை என்று வண்டி வைத்திருப்பவரைக் குறை சொல்வது முழு நியாயமாகாது. கவனிக்க வேண்டிய பொருள் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். வால்வோ போன்ற சில நிறுவனங்கள் 1970-களிலேயே தாமிரமும் நிக்கலும் கலந்த குழாய்க்கு மாறிவிட்டன. 90 பங்கு தாமிரம், 10 பங்கு நிக்கல் கொண்ட இந்த உலோகத்தை உப்பு எளிதில் தின்பதில்லை.

தமிழ்நாட்டுச் சாலைகளில் யாரும் உப்புக் கொட்டுவதில்லை. ஆனால் தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பள நடை அடிக்கும் லாரிகளும், பனிக்கட்டி கரைந்த உப்புநீரை ஒழுகவிட்டுக்கொண்டே ஓடும் மீன் வண்டிகளும் அதே நிலையில்தான் இருக்கின்றன. இவற்றின் அடிப்பகுதிக்கு நடைக்கு நடை நல்ல தண்ணீர்க் கழுவல் தேவை.

வெளியே துரு என்றால், உள்ளே பிரேக் ஆயில். கிளைக்கால் வகையைச் சேர்ந்த இந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூடியின் வழியாக மட்டுமல்ல, ரப்பர் ஓஸின் சுவர் வழியாகவும் காற்றின் ஈரம் மெல்ல உள்ளே போகிறது. டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த ஆயிலுக்கு 140 டிகிரி போதும் என்கிறது தரவிதி. டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. மலைச்சாலையில் இறங்கும்போது சக்கர சிலிண்டர் சூடேறி ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும். பெடல் தரைவரை போகும், சக்கரம் நிற்காது. கீழே இறங்கி வண்டி ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகி பிரேக் பழையபடி பிடிக்கும் என்பதால், மெக்கானிக் சோதிக்கும்போது எந்தக் குறையும் அகப்படாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுவது இதற்காகத்தான். அளவு குறைந்தால் மேலே ஊற்றிக்கொண்டே போவது தண்ணீரை வெளியேற்றாது. எங்கோ கசிகிறது என்ற செய்தியையும் மறைத்துவிடும்.

சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள ரப்பர் ஓஸ் வேறு விதமாகக் கெடும். வெளியே வெடிப்பு தெரிந்தால் எளிது. உட்சுவர் ஊதியோ பிரிந்தோ வழியை அடைத்தால், மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பாது. அந்த ஒரு சக்கரம் மட்டும் பிடித்தபடியே ஓடிச் சூடேறும். டிரம்மையும் லைனரையும் மாற்றிப் பார்த்தும் சரியாகாத வண்டிகளில் குற்றவாளி பெரும்பாலும் இந்த ஓஸ்தான்.

உடைந்த குழாயைச் சரிசெய்வதில் குறுக்குவழிகள் உயிரைக் குடிப்பவை. கசியும் லைனை மடக்கித் தட்டி அடைத்துவிட்டு மீதிச் சக்கரங்களின் பிரேக்கோடு வண்டியை அனுப்பினால், அழுத்தி மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வெட்டிய இரு முனைகளை அழுத்து வளையம் போட்டு இணைப்பது தண்ணீர்க் குழாய்க்குச் சரி, 100 பாருக்குச் சரியல்ல. குழாய் முனையை இரண்டு மடிப்பாக விரித்து, அதற்குரிய நட்டால் இறுக்குவதே முறை. குளிர்சாதனப் பெட்டிக்கு வரும் வெறும் தாமிரக் குழாய் அதிர்வில் இறுகி விரிசல் விடும், பிரேக்குக்கு உதவாது. ஓரிடம் ஓட்டையாகும் அளவுக்குத் துருப்பிடித்த குழாயில் மற்ற இடங்களும் அதே வயதுதான் என்பதால், ஒட்டுப் போடாமல் முழு நீளத்தையும் மாற்ற வேண்டும்.

பெரிய லாரியின் ஏர் பிரேக்கில் ஆயில் இல்லை, ஆனால் தண்ணீர் இங்கேதான் அதிகம். 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில், ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். கம்ப்ரசர் இப்படி ஒன்பது கனமீட்டரை ஒன்றாக நெருக்கினால்தான் 8 பார் கிடைக்கும். ஒன்பதின் ஈரமும், அதாவது 200 கிராமுக்கு மேல், அந்த ஒரு கனமீட்டருக்குள் வந்து சேர்கிறது. 40 டிகிரிக்கு ஆறிய காற்றால் கனமீட்டருக்கு 51 கிராம் நீராவியைத்தான் வைத்துக்கொள்ள முடியும். மீதி 150 கிராம் தண்ணீராகவே டேங்கில் இறங்கும். ஓட்டுநர் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் காற்று செலவாகிப் புதுக் காற்று ஏற்றப்படுவதால், நாள் முழுக்க இது நடந்துகொண்டே இருக்கிறது.

டேங்கில் தேங்கும் தண்ணீர் உள்ளிருந்து துருவை வளர்க்கிறது. காற்றுக்கான இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. கம்ப்ரசரிலிருந்து வரும் எஞ்சின் ஆயிலோடு கலந்து சாம்பல் நிறக் கொழகொழப்பாகி வால்வுகளுக்குள் போய் ரப்பரை ஊதவைக்கிறது. நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிகள் வடக்கே பனி பெய்யும் ஊர்களுக்கும் போகின்றன. அங்கே இதே தண்ணீர் வால்வுக்குள் உறைந்து காற்றின் வழியையே மறித்துவிடும். டேங்கின் அடியிலிருக்கும் வடிகால் வால்வைத் தினமும் திறந்துவிடுவது ஒரு நிமிட வேலை. வருவது தெளிந்த தண்ணீரா, கறுப்பு ஆயிலா என்று பார்த்தாலே கம்ப்ரசரின் நிலை தெரியும். ஆயில் நிறைய வந்தால் அதன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. ஏர் டிரையர் உள்ள வண்டிகளில் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் கொண்ட கேட்ரிட்ஜ் பெரும்பகுதித் தண்ணீரைப் பிடித்து, அழுத்தம் நிறைந்ததும் சீறலோடு வெளியே துப்பும். மணிகளில் ஆயில் படிந்துவிட்டால் அது வெறும் டப்பா. டிரையர் இருக்கும் தைரியத்தில் வடிகாலைத் தொடாமலே விடும் வண்டிகளில் இந்தக் கோளாறு நீண்ட நாள் தெரியாமல் போகிறது.

காற்றுக் குழாய்களில் சட்டத்தின் நெடுக ஓடுபவை இப்போது பெரும்பாலும் நைலான். அவை துருப்பிடிக்காது, உரசும், உருகும். கிளிப் விழுந்து தொங்கும் நைலான் குழாய் சட்டத்தின் விளிம்பில் உரசிப் பள்ளம் விழும். சைலன்சர் பக்கம் சாய்ந்தால் மெத்தென்றாகி ஊதும். கம்ப்ரசரை ஒட்டிய முதல் பகுதி கடுமையாகச் சூடேறுவதால் அங்கே உலோகக் குழாயே இருக்க வேண்டும்.

காற்றுக் குழாய் உடைந்தால் லாரி கட்டுப்பாடின்றி ஓடிவிடும் என்பது பரவலான எண்ணம். நல்ல நிலையிலுள்ள ஏர் பிரேக்கில் நடப்பது அதற்கு நேர்மாறு. ரயில்களுக்காக 1869-இல் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்ற ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், 1872-இல் அதன் தர்க்கத்தைத் தலைகீழாக்கினார்: குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும், அழுத்தம் இறங்கினால் பிடிக்கும். லாரியின் பின்சக்கரங்களில் உள்ள ஸ்பிரிங் பிரேக் இதே தர்க்கத்தில்தான் இயங்குகிறது. வலுவான சுருள்வில்லைக் காற்று அழுத்திப் பிடித்திருக்கும். அழுத்தம் 3 பாருக்கும் கீழே சரியும்போது வில் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். காற்று போன லாரியை நகர்த்த, வில் அடங்கிய சேம்பரின் பின்னாலுள்ள நீண்ட போல்ட்டைத் திருகி வில்லைச் சுருக்கிவைப்பார்கள். வேலை முடிந்ததும் அதை விடுவிக்க மறந்தால் லாரிக்குக் கடைசிப் பாதுகாப்பும் இல்லை. அந்தச் சேம்பரைத் தெரியாதவர் பிரிப்பதும் ஆபத்து. சுருங்கிய வில்லில் ஏறக்குறைய ஒரு டன் விசை அடைபட்டிருக்கிறது.

அப்படியானால் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகளுக்கு ஏன் பிரேக் பிடிப்பதில்லை? டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கினால் எஞ்சினின் தடுப்பு போய்விடுகிறது. முழுச் சுமையும் டிரம்மின் மேல் விழுகிறது. எஞ்சினையே அணைத்தால் கம்ப்ரசரும் நின்று, ஒவ்வொரு மிதியும் இருப்பிலுள்ள காற்றைத் தின்னும். சூடேறிய டிரம் விரிந்து லைனரிலிருந்து விலகுகிறது. லைனரும் பிடிமானத்தை இழக்கிறது. ‘30’ வகைச் சேம்பரில் 7 பார் அழுத்தம் ஏறத்தாழ 1,350 கிலோ விசையைத் தரும், ஆனால் அதன் தண்டு நகரக்கூடிய தூரம் இரண்டரை அங்குலம்தான். தண்டின் நகர்வைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்து தண்டு ஏற்கெனவே இரண்டு அங்குலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தால், சூட்டில் விரிந்த டிரம்மை எட்டும் முன்பே அது முட்டி நின்றுவிடும். மீட்டரில் காற்று நிறைந்திருக்கும், சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்.

காற்றுக் குழாய்களின் கசிவை அறியத் தனிக் கருவி ஏதும் வேண்டாம். அமெரிக்காவில் கனரக வாகன உரிமத் தேர்விலேயே கேட்கப்படும் சோதனை இது: சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டேங்கை நிரப்பி, எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து மீட்டரைக் கவனிக்க வேண்டும். தனி லாரியில் ஒரு நிமிடத்தில் 0.14 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை அழுத்திப் பிடித்தபடி 0.2 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு பெடலை விட்டு விட்டு மிதித்துக் காற்றைக் குறைத்தால் 4 பார் அளவில் எச்சரிக்கை விளக்கோ ஒலியோ வர வேண்டும். இன்னும் குறைத்தால் ஸ்பிரிங் பிரேக் தானாக விழ வேண்டும். மிதிக்கும்போது மட்டும் மீட்டர் வேகமாக இறங்கினால் ஓட்டை பிரேக் வால்வுக்கும் சேம்பருக்கும் நடுவே, பெரும்பாலும் டயாபிரத்திலோ ஓஸிலோ இருக்கும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் இடம் தெரிந்துவிடும்.

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று கட்டாயம். உருளைகளின் மேல் நிறுத்திச் செய்யும் பிரேக் சோதனை, அன்றைய தினம் சக்கரம் எவ்வளவு விசையில் பிடிக்கிறது என்பதை அளக்கும். கிளிப்புக்கு அடியில் மெலிந்த குழாயையும் சட்டத்தில் உரசும் நைலானையும் அது காட்டாது. எஃப்.சி. வேலைக்காக வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் கிளிப்புகளைக் கழற்றிப் பார்ப்பதும், டேங்கின் அடியைத் தட்டிப் பார்ப்பதும், வெடித்த ஓஸ்களையும் டிரையர் கேட்ரிட்ஜையும் சேர்த்து மாற்றுவதும் தனிச் செலவாக வராது.