சிலந்தி இல்லாத வயல்

வத்தளைக்கு வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தில் கொக்குகள் இரை தேடுவதைப் பார்க்கிறோம். அழுகும் புல்லைச் சிறு உயிர்கள் உண்கின்றன. அவற்றை மீனும் மீனைக் கொக்கும் உண்கின்றன. இதுவே உணவுச் சங்கிலி. நாம் விட்டுவந்த வயலிலும் இப்படியொரு சங்கிலி உண்டு. அதில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன நடக்கும்?

அறக்கொட்டியான் எனப்படும் கபிலநிறத் தத்தியை நெல் விதைத்த எல்லோரும் அறிவோம். பயிரின் அடித்தண்டிலிருந்து சாற்றை உறிஞ்சும். பயிர் வட்டம் வட்டமாக எரிந்தாற்போல் காய்ந்துபோகும். இதற்குப் பகைவர் வயலிலேயே இருக்கின்றனர். வலை பின்னாது ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளில் 5 முதல் 15 தத்திகள் வரை தின்னும். பச்சை நிறச் சிறு பூச்சியொன்று தத்தியின் முட்டைகளை உறிஞ்சிவிடும்.

மருந்து அடித்தால் தத்தியும் சாகும், சிலந்தியும் சாகும். ஆனால் தத்தியின் முட்டைகள் தாளின் மடலுக்குள் இருப்பதால் மருந்து அவற்றை எட்டுவதில்லை. ஒரு கிழமை, பத்து நாளில் குஞ்சுகள் வெளிவரும்போது அவற்றைத் தின்ன எவருமில்லை. சிலந்தி மீண்டும் பெருக நாட்செல்லும். தத்தியோ விரைவில் பெருகிவிடும். மறுபடியும் மருந்து, மறுபடியும் கடன்.

இந்தோனேசியா இதைப் பெரிய அளவில் அனுபவித்தது. அரசு மானிய விலையில் பூச்சிநாசினி கொடுத்தும் தத்தி அடங்கவில்லை. 1986இல் 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்லுக்குப் பாவிப்பது அங்கு தடைசெய்யப்பட்டது. பின்னர் மானியமும் நிறுத்தப்பட்டது. மருந்துப் பாவனை பாதிக்கு மேல் குறைந்தது. நெல் விளைச்சலோ குறையவில்லை.

சங்கிலியின் கீழ்க்கண்ணியும் முக்கியமானது. விதைத்த தொடக்கத்தில் தத்தி இல்லாதபோது சிலந்தி எதைத் தின்று வாழ்கிறது? சேற்றில் மக்கும் வைக்கோலிலும் பசளையிலும் உண்டாகும் சிறு ஈக்களைத்தான். வைக்கோலை எரித்துவிட்டால் அந்த ஈக்களின் உணவும் குறைந்துவிடும்.

காணிக்குத் திரும்பி முதற்போகம் செய்வோர் கையில் இருப்பது பெரும்பாலும் கடன் பணமே. ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. விதைத்து முதல் 40 நாட்களுக்கு இலைதின்னும் பூச்சிக்கென மருந்து அடிக்க வேண்டாம். இளம் பயிர் புதிதாக வெடித்துத் தேறிவிடும்.

2. வைக்கோலை வயலிலேயே மக்கவிடுவோம்.

3. யூரியாவை அளவுக்கு மேல் போட வேண்டாம். அது தத்தியைப் பெருக்கும்.

4. மருந்து எடுக்குமுன் பயிரின் அடியை விலக்கித் தத்தியையும் சிலந்தியையும் எண்ணிப் பார்ப்போம். சிலந்தி நிறைய இருந்தால் சில நாள் பொறுத்து மீண்டும் எண்ணுவோம். தத்தி கூடிக்கொண்டே போனால் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு நடப்போம்.

கூலி கேளாமல் நம் வயலில் வேலை செய்யும் உயிர்களை நாமே கொன்றுவிடாமல் இருப்போம்.