தலைமாட்டில் இருப்போர்

என்னிடம் முன்பு பண்டித வகுப்பிற் பயின்ற மாணாக்கி ஒருவர் இப்பொழுது கனடாவில் வாழ்கின்றார். சில திங்களுக்கு முன் அவர் ஒரு சொல் கேட்டு எழுதியிருந்தார். மரணத் தறுவாயில் உள்ளவரின் பக்கத்திலிருந்து, அவருக்கும் அவர் குடும்பத்தார்க்கும் துணைசெய்யும் ஒரு பணிக்கு அவர் பயிற்சி பெறுகின்றார். அப்பணி செய்வோரை அங்கே ‘டூலா’ என்கின்றார்கள். ‘ஐயா, இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?’ என்பது கேள்வி.

இது வெறும் சொல்லாசையால் எழுந்த கேள்வியன்று. அவர் பார்க்கப்போகும் முதியோரிற் பலர் இங்கிருந்து சென்ற தமிழர். மறதிநோய் கொண்டவர்கள் பிற்காலத்திற் கற்ற மொழியை முதலில் இழந்து தாய்மொழிக்கு மீளுவது உண்டு. முப்பது ஆண்டு ஆங்கிலம் பேசிக் கடை நடத்தியவர், கடைசி மாதத்திலே ‘தண்ணி’ என்று தமிழிலேதான் கேட்பார். அவர் முன்னே போய் நின்று, ‘நான் உங்கள் டூலா’ என்றால் அவர் என்னென்று கொள்வார்?

சொல் கிரேக்கச் சொல். பழங்கிரேக்கத்தில் அதற்கு அடிமைப்பெண் என்பது பொருள். டானா ரஃபேல் என்னும் மானிடவியலறிஞர் 1973இல் தாய்ப்பாலூட்டல் பற்றி எழுதிய நூலில், பிள்ளை பெற்றவளுக்கு உதவியாயிருக்கும் பெண்ணைக் குறிக்க அதனை எடுத்தாண்டார். அங்கிருந்து அது பிரசவ அறைக்குப் போயிற்று. அடுத்த முப்பது ஆண்டுக்குள் மரணப்படுக்கைக்கும் வந்துவிட்டது. அடிமை என்னும் பொருளை விரும்பாத சிலர் ‘மரண மருத்துவிச்சி’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்து மருத்துவிச்சியர் மன்றம், அப்பெயர் தம் தொழிலுக்கே உரியதென்று வழக்குத் தொடுத்தது. சொல்லாராய்ச்சி நீதிமன்றம் வரை போகுமென்று நம் புலவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள்!

நான் முதலில் நினைத்தது ‘வழித்துணை’. அழகான சொல், ஆனால் பொருந்தாது. வழித்துணை உடன் நடப்பது. இவர்களோ வாசல்வரை வந்து நின்றுவிடுகின்றவர்கள். அடுத்து நினைத்தது ‘உசாத்துணை’. மனத்திலுள்ளதைச் சொல்லி உசாவுதற்குரிய துணை என்பது அதன் பொருள். இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆயினும் நம் நாட்டில் அதனை நூல்களின் கடைசிப் பக்கத்திற் கொண்டுபோய் வைத்துவிட்டோம். உசாத்துணை என்றவுடன் மாணாக்கர்க்கு நூற்பட்டியலே நினைவுக்கு வரும். ஆகவே இக்கட்டுரையளவில் ‘அந்திமத் துணையாளர்’ என்றே வழங்குகின்றேன். இதனினும் நல்ல சொல் தருவாருண்டேல் மகிழ்வேன்.

பழந்தமிழில் இப்பணி இல்லையோ என்று கேட்கலாம். தொல்காப்பியப் புறத்திணையியலிற் காஞ்சித்திணையின் துறைகளுள் தொடாக்காஞ்சி என்பது ஒன்று. புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி காத்திருப்பதை அது கூறும். அரிசில்கிழார் பாடிய 281ஆம் புறப்பாட்டிலே, மனையில் இரவமும் வேம்பும் செருகி, ஐயவி தூவி, நறும்புகை எழுப்பி, காஞ்சி பாடிப் புண்பட்டவனைக் காக்கின்றார்கள். இதனைக் காட்டி, ‘அவர்கள் இன்று செய்வதை நாம் அன்றே செய்தோம்’ என்று மார்தட்டுவது எனக்கு உடன்பாடன்று. நம் பாட்டின் நோக்கம் அவன் பிழைத்தெழ வேண்டுமென்பது. இவர்கள் பணி, பிழையார் என்று தெரிந்தபின் தொடங்குவது. ஆயினும் பாட்டு என்ற அளவில் ஓர் ஒப்புமை உண்டு. கேற் மங்கர் என்பவர் 2000ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் ஒரு பாடகர் குழுவைத் தொடங்கினார். இருவர் மூவராய்ச் சென்று, தாலாட்டுப் போன்ற மெல்லிய குரலில், படுக்கையருகே பாடுவது அவர்கள் தொண்டு. அவர்கள் அரங்கிற் பாடுவாரல்லர். தாழ்ந்த குரலிற் பாடுதற்கென்றே பழகுகின்றவர்கள்.

இனி என் தொழிலுக்குரிய கேள்விக்கு வருகின்றேன். இது கற்பிக்கக்கூடியதா?

மேனாட்டில் முதலில் வழிவகுத்தவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் (1918–2005). தாதியாயிருந்து, வைத்தியசாலைச் சமூகப் பணியாளராகி, பின்பு வைத்தியம் கற்று 1957இல் டாக்டரானவர். 1948இல் இறந்த போலந்து நாட்டு அகதி ஒருவர், அம்மையார் அமைக்க எண்ணிய இல்லத்திலே தாம் ஒரு சாளரமாக இருக்க வேண்டுமென்று கூறி 500 பவுண் விட்டுச்சென்றார். அந்த இல்லம், செயின்ற் கிறிஸ்தோபர் நிலையம், 1967இல் இலண்டனில் திறக்கப்பட்டது. உடல்நோவு, மனநோவு, உறவின் நோவு, ஆன்மாவின் நோவு எல்லாம் ஒரே நோவு என்பது அவர் வகுத்த கொள்கை. இன்றைய பயிற்சிகள் யாவும் அதன்மேலேயே நிற்கின்றன.

ஆனால் கற்பித்தல் என்ற வகையில் என்னை வியக்கவைத்தது வேறொரு வகுப்பு. 1965இல் சிக்காகோ நகரில் இறையியல் மாணவர் நால்வர், எலிசபெத் கூப்ளர்-ரொஸ் என்னும் மனநோய் வைத்தியரிடம் வந்தனர். மனித வாழ்வின் நெருக்கடிகளைப்பற்றி அவர்கள் எழுத வேண்டியிருந்தது. மரணத்தினும் பெரிய நெருக்கடி ஏது என்று அதனையே எடுத்துக்கொண்டார்கள். எந்த நூலைப் படிப்பது? நூல் வேண்டாம், இறக்கின்றவரையே ஆசிரியராகக் கொள்வோம் என்று அம்மையார் துணிந்தார். வைத்தியசாலையில் நோயாளரைக் கேட்டுப் போனபோது, அப்படி ஒருவரும் இல்லையென்பது போலவே வைத்தியர்கள் நடந்துகொண்டார்கள். கடைசியில் முதியவர் ஒருவர் கிடைத்தார். அவர் உடனே உட்காரும்படி வேண்டினார். அம்மையாரோ, மாணவரோடு நாளை வருவதாகச் சொல்லிப் போனார். மறுநாள் அவருக்குப் பேச மூச்சில்லை. முயன்றதற்கு நன்றி சொன்னார். ஒரு மணி நேரத்துள் இறந்தார்.

இதற்கு இருபது ஆண்டுகளின் பின், ஒறிகன் மாநிலத்து யூஜீன் நகர வைத்தியசாலை ஒன்றில், சாண்ட்ரா கிளார்க் என்னும் தாதியை ஒரு கிழவர் தம்முடன் இருக்கும்படி கேட்டார். மற்ற நோயாளரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார் தாதி. திரும்பி வந்தபோது அவர் தனியே இறந்து கிடந்தார். அது 1986. அந்த நினைவினால், எவரும் தனியே இறத்தலாகாது என்னும் கருத்தைப் பெயரிலேயே கொண்ட ஒரு திட்டத்தை அவர் 2001இல் அவ்வைத்தியசாலையில் நிறுவினார். உறவினர் இல்லாதார்க்குத் தொண்டர்கள் முறைவைத்து உடனிருக்கின்றார்கள்.

இவ்விரு செய்திகளும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. உட்காரச் சொன்னால் அப்பொழுதே உட்கார வேண்டும். இது பார்வைக்கு எளிது, பழக்கமோ அரிது. கூப்ளர்-ரொஸ் அம்மையாரின் வகுப்பிலே, நோயாளரோடு அவர் உரையாட, மாணவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்தார்கள். நோயாளர் போனபின், மாணவர் தத்தம் நெஞ்சில் எழுந்த அச்சத்தையும் அருவருப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவே பாடம். 1969இல் வெளிவந்த அவர் நூலிலே கூறிய ஐந்து நிலைகளை உலகம் மனப்பாடம் செய்துகொண்டு, இந்த வகுப்பை மறந்துவிட்டது. படிப்படியாக ஏறுகின்ற ஏணியாக அந்நிலைகளைக் கொள்ளலாகாது என்று இன்றைய பயிற்சியாளர்கள் எச்சரிக்கவேண்டியிருக்கின்றது. ஐந்து என்று எண்ணிவிட்டால் மாணாக்கர் எண்ணையே பிடித்துக்கொள்வர். இது எல்லா வகுப்பிலும் உள்ளது.

இன்று கற்பிக்கப்படும் முறைக்கு ஓர் உதாரணம் சொல்கின்றேன். ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ் என்னும் சமூகப் பணியாளர், பிரசவத் துணையாளரின் பயிற்சியை முன்மாதிரியாகக் கொண்டு, 2003இல் நியூயோர்க்கில் ஒரு திட்டத்தை வகுத்தார்; 2015இல் இதற்கெனவே ஓர் அனைத்துலகச் சங்கமும் கண்டார். அவர் பணியை மூன்று பகுதியாக்குகின்றார். முதலாவது, நினைவும் பேச்சும் உள்ளபோதே நோயாளரின் வாழ்க்கையைச் சொல்லக் கேட்டு, அதனை ஒரு நூலாகவோ ஒலிப்பதிவாகவோ குடும்பத்துக்கு ஆக்கி வைத்தல். கடைசி நாட்களில் எந்த அறை, எவர் உடனிருத்தல், எந்தப் பாட்டு, எவ்வளவு வெளிச்சம் என்பவற்றை அவர் வாயாலேயே கேட்டு எழுதிவைத்தல். இரண்டாவது, அந்த நாட்களிற் கண்விழித்துக் காவலிருத்தல். மூன்றாவது, எல்லாம் முடிந்தபின் குடும்பத்தாரிடம் சென்று, நடந்ததை அவர்கள் சொல்லக் கேட்டல்.

இவற்றுக்கு அறிவும் வேண்டும். நோயாளரின் மூச்சு சிறிது சிறிதாய்ப் பெருகி, பின்பு தணிந்து, சிறிதுபோது நின்று, மீண்டும் தொடங்கும். 1818இலும் 1854இலும் இதனை எழுதிய டப்ளின் வைத்தியர் இருவரின் பெயரால் இது சேன்-ஸ்ரோக்ஸ் சுவாசம் எனப்படும். முன்னறிந்தவர் பக்கத்திலிருந்தால், ‘இது வழமையாய் வருவது’ என்று சொல்லி வீட்டாரின் நடுக்கத்தைத் தணிக்கலாம். கைகால் குளிர்ந்து நிறம் மாறும். தொண்டையில் ஓசை எழும். அவ்வோசை கேட்பார்க்குத் தரும் துன்பம், படுத்திருப்பார்க்கு இல்லையென்றே கருதுகின்றனர். பசி போய்விடும். இங்கே நம் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. விழுங்குதல் நின்றவரின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றுவது புரையேறி மூச்சை அடைக்கும். பயிற்சி பெற்றவர்கள் நனைத்த பஞ்சினால் உதட்டையும் வாயையும் ஈரப்படுத்துகின்றார்கள். பால் பருக்கும் சடங்கை விட முடியாதவர்கள் உதட்டிலே ஒரு துளி தொட்டு வைத்தாற் போதும்.

செவியைப்பற்றியும் சொல்ல வேண்டும். பதிலிறுக்க இயலாத நிலையில் இருந்த சிலரின் மூளை, கடைசி மணித்தியாலங்களிலும் ஓசைகளை ஏற்றதென்று பிரித்தானியக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்டனர். பொருள் விளங்கியதோ என்பதை அக்கருவி காட்டாது. ஆனால் காணி உறுதியைப்பற்றிக் கட்டிலருகே வாதிடுவோர் இதனை அறிந்திருப்பது நல்லது.

கேட்கப் பழகுதலே பயிற்சியிற் பெரும்பகுதி. இருவர் இருவராய் அமர்ந்து, ஒருவர் நோயாளராய்ப் பேச, மற்றவர் ஆறுதலோ புத்திமதியோ கூறாது கேட்டிருக்க வேண்டும். நம்மவர்க்கு இது மிகக் கடினம். என்னோடு படிப்பித்த ஆசிரியர் ஒருவர் கடைசியாய்ப் படுத்திருந்த வீட்டுக்கு நான் போயிருந்தேன். வந்தவர் ஒவ்வொருவரும் குனிந்து, ‘மாஸ்டர், என்னைத் தெரியுதோ? நான் ஆர், சொல்லுங்கோ பாப்பம்!’ என்றார்கள். ஆயுள் முழுவதும் பிறரைப் பரீட்சித்தவர், அன்று முழுவதும் பரீட்சைக்கு இருந்தார். ‘நான் இன்னார், உங்களைப் பார்க்க வந்திருக்கிறேன்’ என்று தம் பெயரைத் தாமே சொல்லி உட்காரும்படி என் மாணாக்கியின் வகுப்பிற் சொல்லிக் கொடுத்திருக்கின்றார்கள். இந்த ஒரு பாடத்துக்காகவே அவர்களை வணங்கலாம்.

செய்யக்கூடாதனவும் வரையறுக்கப்பட்டுள்ளன. மருந்து கொடுத்தல், நோயைப்பற்றித் தீர்ப்புச் சொல்லுதல், உயில் எழுதுதல் ஆகியன அந்திமத் துணையாளர்க்கு உரியன அல்ல.

இனித் தராதரப் பத்திரம். ஐக்கிய அமெரிக்காவில் இத்தொழிலுக்கு அரசின் உரிமம் எதுவும் வேண்டியதில்லை. யாரும் பலகை மாட்டலாம். ஆகவே தொழிலாளரே கூடி 2017இல் ஒரு தேசிய சம்மேளனம் அமைத்து, இன்னின்ன தெரிந்திருக்க வேண்டுமென வகுத்து, எங்குப் பயின்றவராயினும் தம் தேர்ச்சியை நிறுவிக்காட்ட ஒரு சோதனையும் வைத்தனர். அதே ஆண்டில் வெர்மொன்ற் பல்கலைக்கழக வைத்தியக் கல்லூரி இணையவழியில் எட்டு வார வகுப்புத் தொடங்கியது. எட்டு வாரத்தில் எவ்வளவோ அறியலாம். ஆனால் நம் ஆசிரிய பயிற்சிக் கலாசாலையிலே, மாணவ ஆசிரியன் பாடம் எடுக்கும்போது விரிவுரையாளர் பின்வாங்கில் இருந்து குறிப்பெடுப்பார். அஃதின்றிப் பயிற்சி முடிந்ததாக யாரும் கருதுவதில்லை. மரணப்படுக்கையின் பின்வாங்கில் யார் இருக்கின்றார்கள்? பத்திரம் மட்டும் பெற்றவர் முதன்முதலில் தனியே ஒரு வீட்டுக்குள் நுழைவதை நினைக்க எனக்கு அச்சமாயிருக்கின்றது. கட்டணம் கொடுக்க இயலாத வீட்டுக்கு யார் நுழைவார் என்பது அடுத்த அச்சம்.

இவ்விரண்டுக்கும் விடைபோன்ற ஒன்று கடலுக்கு அப்பால் அண்மையிலேயே இருக்கின்றது. கோழிக்கோடு வைத்தியக் கல்லூரியில் 1993இல் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் நோவுதணிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். வைத்தியர் தொகை போதாதென்று கண்டு, பின்னர் ஊராரையே பயிற்றினர். தொண்டர்க்கு 16 மணி நேர வகுப்பு. அதன்மேல் நான்கு நாள், அனுபவமுள்ளோரின் மேற்பார்வையில் நோயாளரைப் பார்க்க வேண்டும். கூலியில்லை. அவர்கள் கடைசி வாரத்துக்காகக் காத்திருப்பதுமில்லை. நோய் நெடுங்காலம் கிடக்கும் வீடுகளுக்குத் தொடக்கத்திலேயே போகின்றார்கள். போனவிடத்தில், நோவோடு அரிசியும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் சேர்ந்து நிற்பதைக் கண்டு, அவற்றையும் தம் வேலையாக்கிக்கொண்டார்கள். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது; ஊராட்சி மன்றங்களும் இப்பொறுப்பை ஏற்றன. இத்தொண்டர்கள் தமக்கென்று புதிய பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ‘வாலண்டியர்’ என்று ஆங்கிலச் சொல்லையே மலையாளத்தில் வழங்குகின்றார்கள்.